இரண்டாவது வரிசை, பெண் வீட்டு சித்தி

பிப்ரவரி 24, திங்கள்

இது என் வீட்டுக்காரருடைய நோட்டு. ஷூட்டிங் போய் வந்த நாளெல்லாம் இதில் இரண்டு வரி எழுதுவார். எந்தப் படம், எந்த இடம், என்ன வேஷம், மதியம் என்ன சாப்பாடு. கடைசியாக எழுதியது இது:

"பிப். 18. வைஃபை வைதேகி. போரூர் மண்டபம். பெண் வீட்டு சித்தப்பா. நீலச் சட்டை. பிரிஞ்சி. உப்பு கம்மி."

மறுநாள் காலையில் பல் விளக்கிக்கொண்டே விழுந்துவிட்டார். ஆட்டோ வருவதற்குள் எல்லாம் முடிந்தது. பூபாலன், வயது ஐம்பத்தெட்டு. முப்பது வருஷமாக ஜூனியர் ஆர்ட்டிஸ்ட். நானும் அதேதான். கதாநாயகனுக்குப் பின்னால் கூட்டமாக உட்கார்ந்திருப்பார்களே, அதில் இரண்டு தலை நாங்கள்.

நோட்டில் இன்னும் நாற்பது ஐம்பது பக்கம் இருக்கிறது. நான் ஆறாவது வரைக்கும் படித்தவள். காலியாக விட மனசு வரவில்லை, எழுதுகிறேன். வேறு காரணம் எதுவும் இல்லை.

தெருமுனை பேனரை இன்று அவிழ்த்துவிட்டார்கள். யாரோ அவசரத்தில் அவர் போனிலிருந்து நல்ல போட்டோவாகப் பார்த்து எடுத்துக் கொடுத்திருக்கிறார்கள். அவர் போனில் நல்ல போட்டோ என்றால் எல்லாமே வேஷம் போட்டதுதான். பேனரில் அவர் கறுப்பு அங்கியும் வெள்ளைப் பட்டையுமாக ஜட்ஜ். மேலே 'கண்ணீர் அஞ்சலி'. தெருவில் போகிறவர்கள் நின்று கும்பிட்டுவிட்டுப் போனார்கள். ஒரு ஆட்டோக்காரர் என்னிடமே கேட்டார், "ஐயா எந்த கோர்ட்டும்மா?" சைதாப்பேட்டை என்று சொல்லிவிட்டேன். உயிரோடு இருந்தபோது ஒருத்தரும் அவரை நின்று பார்த்ததில்லை.

பிப்ரவரி 26, புதன்

தோசை மாவு புளித்துவிட்டது. இரண்டு பேருக்கு அரைத்தது.

எங்களுக்கு ஒரே பெண், மோனிகா. ஆவடியில் இருக்கிறாள். போன வருஷம் மார்ச்சில் இம்மானுவேல் என்கிற பையனைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டாள். தண்ணீர் சுத்தம் செய்கிற மெஷினை வீடு வீடாகப் போய் ரிப்பேர் பார்க்கிறவன். குடி கிடையாது. ஆனால் வேறு மதம். அவருக்குப் பிடிக்கவில்லை. கல்யாணத்துக்கு அவர் போகவில்லை, என்னையும் போகவிடவில்லை.

முந்நூறு சினிமாக் கல்யாணத்தில் அட்சதை போட்ட மனிதர். ஓடிப்போன ஜோடிக்குப் போலீஸ் ஸ்டேஷன் வாசலில் மாலை எடுத்துக் கொடுத்திருக்கிறார். கோயிலில் திருட்டுத் தாலி கட்டினால் காவலுக்கு நின்றிருக்கிறார். சொந்தப் பெண்ணுக்கு ஒரு பிடி அரிசி இல்லை.

அன்றிலிருந்து நான் அவரோடு பேசுவதை நிறுத்திவிட்டேன். பதினோரு மாசம். சோற்றை மூடி வைப்பேன், அவரே போட்டுக்கொள்வார். மோட்டார் போட வேண்டுமென்றால் பக்கெட்டை டங்கென்று வைப்பேன், புரிந்துகொண்டு போவார். ஏஜென்ட் எங்களை ஜோடியாகத்தான் அனுப்புவார். 'ரிச் லுக் தம்பதி' என்று எங்களுக்குப் பேர். ஒரே பஸ்ஸில் போவோம், அவர் பின்னால் நின்றுகொள்வார், நான் முன்னால்.

சாவுக்கு மோனி வந்தாள். எடுத்துக்கொண்டு போன பிறகு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அப்பா என்னப் பத்தி எதனா சொன்னாராம்மா?"

"இல்லடி."

"ஒண்ணுமேவா? கடைசி வரைக்கும்?"

நாங்களே பேசிக்கொள்ளவில்லை என்று எப்படிச் சொல்வது. தண்ணீர் கொண்டு வருகிறேன் என்று எழுந்து போய்விட்டேன். திரும்பி வந்தபோது செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள்.

பிப்ரவரி 27, வியாழன்

எங்கள் தொழிலில் ஒரு பழக்கம். பின்னால் உட்கார்ந்து பேசிக்கொள்கிற மாதிரி இருக்க வேண்டும், சத்தம் மட்டும் வரக்கூடாது. வாய் அசைய வேண்டும். என்னத்தைப் பேசுவது? காய்கறிப் பேர் சொல்வோம். தூரத்திலிருந்து பார்த்தால் ஏதோ குடும்ப விஷயம் பேசுகிற மாதிரியே இருக்கும். ஒவ்வொருத்தருக்கும் ஒரு வரிசை உண்டு. அவருக்குக் கத்திரிக்காய், வெண்டைக்காய், பீர்க்கங்காய், புடலங்காய். எனக்கு அவரைக்காய், கொத்தவரங்காய். நடுவில் தலையாட்ட வேண்டும், ஒரு சிரிப்பு சிரிக்க வேண்டும். பதினோரு மாசமாக யாராவது 'ஆக்‌ஷன்' என்று கத்தினால்தான் நாங்கள் பேசிக்கொண்டோம்.

18ஆம் தேதி கடைசி ஷாட். கதாநாயகியின் தோழி கண் கலங்குகிறாள், அவளைக் க்ளோசப்பில் எடுத்தார்கள். அவளுக்கு நேர் பின்னால் நாங்கள். அவர் எப்போதும் பாதி முகம்தான் திருப்புவார். அன்று முழுசாக என் பக்கம் திரும்பி ஏதோ சொன்னார். நான் பார்க்கவில்லை. கண்ணை மேடைமேல் வைத்துக்கொண்டு என் பாட்டுக்கு அவரைக்காய் சொல்லிக்கொண்டிருந்தேன். ஓரக்கண்ணில் அவர் தலை ஆடியது மட்டும் தெரிந்தது.

மறுநாள் போய்விட்டார்.

மோனியைப் பற்றிச் சொன்னாரோ என்று ஒரு யோசனை. காய்தான் சொல்லியிருப்பார். எனக்கென்ன.

படத்தில் இருக்கும். உதடு தெரிந்தால் போதும், என்ன சொன்னார் என்று நான் சொல்லிவிடுவேன். இத்தனை வருஷம் வேறென்ன வேலை பார்த்தேன்.

மார்ச் 2, ஞாயிறு

அந்தப் படத்தின் அசிஸ்டென்ட் டைரக்டர் பெண் ஹர்ஷிதா போன் பண்ணினாள்.

"ஆன்ட்டி, அங்கிள் விஷயம் கேள்விப்பட்டோம். ரொம்ப சாரி. செவ்வாய்க்கெழம பேட்ச் ஒர்க் இருக்கு."

பேட்ச் ஒர்க் என்றால் விட்டுப்போன துண்டு ஷாட்டுகளை எடுத்து ஒட்டுவது.

"நான் எப்படிம்மா வர்றது? பதினாறாம் நாள் கூட ஆகல."

"புரியுது ஆன்ட்டி. ஆனா நீங்க ரெண்டு பேரும் ஹீரோயினுக்குப் பின்னாடியே இருக்கீங்க. திடீர்னு சேர் காலியா இருந்தா கன்டினியூட்டி இடிக்கும். நீங்க வரலன்னா அந்த வரிசையே வராத மாதிரி வெட்டிடுங்கன்னு சார் சொல்லிட்டாரு. ஃப்ரெண்ட் அழுவுற ஷாட்டும் போயிடும்."

அந்த ஷாட்டேதான்.

"அவரு எடத்துல?"

"வேற ஒருத்தர உக்கார வைப்போம் ஆன்ட்டி. முதுகு மட்டும்தான் வரும்."

அவருடைய அக்கா கஜலட்சுமி அண்ணி காரியம் முடிகிற வரைக்கும் இங்கேதான் தங்கியிருக்கிறது. காதில் விழுந்துவிட்டது.

"இன்னா பாக்கியம், புத்தி கித்தி கெட்டுப்போச்சா? பதினாறு முடியல, பூ வச்சிக்கினு போயி கல்யாணத்துல குந்துவியா?"

"சினிமாக் கல்யாணம்தான அண்ணி."

"சினிமான்னா மட்டும்? பாக்கறவன் கண்ணு அவிஞ்சா பூடும்?"

"நான் போவலன்னா உங்க தம்பி மூஞ்சிய வெட்டிடுவாங்களாம்."

அண்ணி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டது. கொஞ்ச நேரம் அரிசியில் கல் பொறுக்கியது. பிறகு தலையைத் தூக்காமல், "வண்டி எத்தினி மணிக்கு வருது?" என்று கேட்டது.

மார்ச் 4, செவ்வாய்

விடியற்காலையிலேயே போரூர் மண்டபம்.

அதே பச்சைப் பட்டு. தலையில் நான்கு முழம் மல்லிகை, நெற்றியில் பெரிய குங்குமம். என் மஞ்சள் கயிறு இன்னும் கழுத்தில்தான் இருந்தது, அதை ரவிக்கைக்குள் தள்ளிவிட்டு மேலே கில்ட் தாலிச் சங்கிலியைப் போட்டுவிட்டார் காஸ்ட்யூமர் முனிரத்தினம். "இழுத்து வுட்டுக்கம்மா, கேமராவுக்குத் தெரியணும்."

கண்ணாடியில் பார்த்தேன். பதினான்கு நாளைக்கு முன்னால் எப்படி இருந்தேனோ அப்படியே இருந்தேன். அதுதான் கன்டினியூட்டி.

அவர் இடத்துக்கு வந்தவர் பேர் ஏகாம்பரம், குன்றத்தூர்க்காரர். இந்தத் தொழிலுக்குப் புதுசு. அவருக்கு அந்த நீலச் சட்டையையே போட்டுவிட்டிருந்தார்கள். துவைக்கவில்லை. துவைத்தால் கலர் மாறிவிடும், கன்டினியூட்டி இடிக்கும். பக்கத்தில் உட்கார்ந்ததும் வாசனை வந்தது. விபூதியும் வேர்வையும் அந்தப் பச்சை டப்பா பவுடரும். நான் மண்டபத்து சீரியல் லைட்டை எண்ணிக்கொண்டிருந்தேன். ஒரு சரத்துக்கு முப்பத்தாறு.

"மன்னிச்சிக்கம்மா. அண்ணனோட சட்டன்னு சொன்னாங்க" என்றார்.

"பரவால்ல. கை மட்டும் மடிச்சி விட்டுக்கங்க. அவரு முழங்கைக்கு மேலதான் மடிப்பாரு."

கதை என்ன என்று இன்றுதான் விசாரித்தேன். கதாநாயகன் காதலிக்கிறேன் என்று மெசேஜ் அனுப்புகிறான். வைஃபை இல்லாததால் போய்ச் சேரவில்லை. அவன் பதில் வராததால் கோபித்துக்கொள்கிறான், அவள் மெசேஜே வராததால் கோபித்துக்கொள்கிறாள். இரண்டு மணி நேரம் கோபித்துக்கொண்டு, அடுத்தவர் கல்யாணத்தில் வந்து மைக்கைப் பிடுங்கி மன்னிப்புக் கேட்கிறான். ஒரு போன் பண்ணிக் கேட்டிருந்தால் படம் பத்து நிமிஷத்தில் முடிந்திருக்கும்.

இன்று எடுத்தது, கதாநாயகி நாற்காலியை விட்டு எழுந்து மேடைக்குப் போவது. பதினேழு டேக். அந்தப் பெண்ணுக்கு எழுந்திருக்கவே வரவில்லை. ஒவ்வொரு டேக்குக்கும் பின்னால் நானும் ஏகாம்பரமும் பேசிக்கொள்ள வேண்டும். பாவம், அவருக்குக் காய் விஷயம் தெரியாது. நான்தான் சொல்லிக்கொடுத்தேன். பதினேழு டேக்கும் "கோசு, கோசு" என்றே சொல்லிக்கொண்டிருந்தார்.

நான் பதினாறு டேக் அவரைக்காய் சொன்னேன். கடைசி டேக்கில் சொல்லவில்லை. சட்டையின் தோளைப் பார்த்து வேறு ஒன்று சொன்னேன். அதை எழுதப் போவதில்லை.

பேக்கப். முனிரத்தினம் அட்டைப் பெட்டியோடு வந்தார். "தாலியக் கழட்டிக் குடும்மா, எட்டு வரணும், ஏழுதான் கீது." கழற்றிக் கொடுத்தேன். பெட்டியில் போட்டுக்கொண்டு அடுத்தவளிடம் போய்விட்டார்.

மார்ச் 6, வியாழன்

பதினாறாம் நாள். முனிரத்தினம் அரை நிமிஷத்தில் முடித்த வேலையை இவர்கள் மூன்று மணி நேரம் செய்தார்கள். பூ வைத்து, வளையல் போட்டு, சுற்றி உட்கார்ந்து அழுது, பிறகு கயிற்றை எடுத்தார்கள். எனக்கு அழுகை வரவில்லை. அண்ணிக்கு அதில் வருத்தம்.

மோனி முந்தாநாளே போன் பண்ணியிருந்தாள். "பதனாறாம் நாளுக்கு நாங்க ரெண்டு பேரும் வரட்டாம்மா?"

அண்ணி ஏதாவது சொல்லும், அப்புறம் வா என்று சொல்லிவிட்டேன்.

இன்று சாப்பாடு போடும்போது அண்ணி கேட்டது, "எங்கடி உன் பொண்ணு? எங்க அந்தப் பையன்? மாமனாருக்கு ஒரு கை எள்ளுத்தண்ணி எறைக்க வேணாமா?"

மார்ச் 9, ஞாயிறு

அண்ணி ஊருக்குப் போய்விட்டது. வீட்டில் மிக்ஸி சத்தம் பெரிதாகக் கேட்கிறது.

ஏப்ரல் 12, சனி

மாடி வீட்டு நூருன்னிசாவின் மகன் துபாயில் இருக்கிறான். அவன் புண்ணியத்தில் அவள் வீட்டு டிவியில் இந்த நேராக வீட்டுக்கே வருகிற படமெல்லாம் வரும். எங்கள் படமும் தியேட்டருக்குப் போகாமல் அப்படித்தான் வரப்போகிறதாம். எப்போது வரும், எந்த நம்பரை அமுக்க வேண்டும் என்று தெரிந்துகொள்ள மதியத்தில் மாடிக்குப் போகிறேன். வேறெதற்கும் இல்லை. கீரை ஆய்ந்துகொண்டே பார்ப்போம். ஒரு மாசத்தில் பதினோரு காதல் படம் பார்த்தாகிவிட்டது. சிரிப்புப் படம் என்று போட்டிருக்கிறது. எந்த இடத்தில் சிரிக்க வேண்டும் என்று போடவில்லை.

இந்தப் படங்களில் யாருக்கும் வேலை கிடையாது, ஆனால் எல்லாரும் ஆபீஸில் இருக்கிறார்கள். கதாநாயகி வாடகை வீட்டில் ஊஞ்சல் இருக்கிறது. மழை வந்தால் ஒருத்தரும் துணி எடுக்க ஓடுவதில்லை. காபி வருகிறது, ஆறிப்போகிறது, யாரும் குடிக்கவில்லை. நான் முன்னால் இருப்பவர்களைப் பார்ப்பதை விட்டுவிட்டுப் பின்னால் இருப்பவர்களைத்தான் பார்க்கிறேன். பெங்களூர் ஹோட்டல் என்று காட்டினார்கள், பின்னால் கிராமத்துப் பஞ்சாயத்தில் உட்காருகிற வளசரவாக்கம் குப்புசாமி கோட்டுப் போட்டுக்கொண்டு கத்திரிக்காய், வெண்டைக்காய் என்கிறார்.

கடைசிப் பத்து நிமிஷத்தில் அப்பாக்காரர் மனசு மாறுகிறார். எல்லாப் படத்திலும். ஏர்போர்ட்டில், ரயில் நிலையத்தில், ஒரு படத்தில் லிப்டுக்குள்.

நூருன்னிசா கீரைத் தண்டை ஒடித்துக்கொண்டே சொன்னாள், "ஏன் பாக்கியம், பத்து நிமிசத்துல மனசு மாறுற அப்பன் எங்க விக்குது? சொல்லு, எங்க வூட்ல ரெண்டு வாங்கிப் போடணும்."

இன்று பார்த்த படத்தில் ஒரு சின்னச் சண்டைக்காக ஜோடி ஒரு வருஷம் பேசாமல் இருந்தார்கள். "நம்பற மாரியா கீது? எந்தக் கூமுட்டையாவது இதுக்குப் போய் ஒரு வருசம் பேசாம இருக்குமா?" என்று கேட்டாள்.

வீட்டில் குழாயைத் திறந்து வைத்துவிட்டு வந்தேன் என்று சொல்லி இறங்கி வந்துவிட்டேன்.

மே 20, செவ்வாய்

நிறைய வெயில். ஷூட்டிங் இரண்டு. ஒன்றில் விதவை வேஷம். எனக்குப் பொருந்தவில்லை என்று மாற்றிவிட்டார்கள்.

ஜூலை 9, புதன்

ஹர்ஷிதாவுக்கு நானே போன் பண்ணினேன். அவள் இப்போது வேறு படத்தில் இருக்கிறாள்.

"ஆகஸ்ட் பதினஞ்சு வருது ஆன்ட்டி. எதிர்பார்க்காதீங்க, ரொம்ப சுமாராதான் வந்திருக்கு. எடிட்ல நெறைய போச்சு."

"ஃப்ரெண்டு அழுவுற ஷாட்டு இருக்காம்மா?"

"அய்யோ, ஞாபகம் இல்லையே ஆன்ட்டி. ஏன்?"

"சும்மாதான்."

சும்மாதான் என்று சொல்லி வைத்த பிறகு போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

வைஃபை வைதேகி வந்துவிட்டது.

நூருன்னிசா அக்கம்பக்கத்தில் எல்லாரிடமும் சொல்லிவிட்டாள். மதியம் அவள் வீட்டில் பன்னிரண்டு பேர். பூபாலண்ணன் நடித்த கடைசிப் படம் என்று ஒரு ஊதுவத்தி கூட ஏற்றி வைத்தாள். கால் மணி நேரத்தில் எதிர்வீட்டுக்காரர் போன் வந்த மாதிரி எழுந்தார். பாட்டு வந்ததும் மூன்று பேர். ஒரு மணி நேரத்தில் நானும் நூருன்னிசாவும் ஊதுவத்திச் சாம்பலும்தான்.

"ஏன் பாக்கியம், இதுல கதைன்னு எதனா வரப்போவுதா, இல்ல இப்டியேவா?" என்று கேட்டுவிட்டு அவளும் சுவரில் சாய்ந்து தூங்கிப்போனாள்.

மண்டபம் வந்தது. சீரியல் லைட் வந்தது. தூரத்தில் நீலமாக ஒரு புள்ளி. ரிமோட் என் மடியில் இருந்தது. நிறுத்திவிட்டேன். இட்லிக்கு அரைக்க வேண்டும் என்று ஞாபகம் வந்தது.

சாயங்காலம் மோனி பேசினாள்.

"படம் வந்துடுச்சாமே. அப்பா இருக்காரா?"

"இன்னும் அது வரைக்கும் பாக்கல."

"ஏன்?"

"மாவு அரைக்கணும்ல."

"ஞாயித்துக்கெழம இங்க வாம்மா. சேந்து பாக்கலாம். இங்க டிவி இருக்கு."

அவள் வீட்டுக்கு நான் போனதே இல்லை.

ஆகஸ்ட் 16, சனி

ரவா லட்டு பிடித்தேன். கொண்டு போகத்தான் என்று இல்லை. ரவை வண்டு வைத்துவிடும்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

ஆவடி பஸ் ஸ்டாண்டில் இம்மானுவேல் பைக்கோடு நின்றிருந்தான். "வாங்கத்த, கம்பியப் புடிச்சிக்கங்க, ரோடு சரியில்ல" என்றான். வழியெல்லாம் பள்ளம் வருவதற்கு முன்னால் "பள்ளம்த்த, பள்ளம்த்த" என்று சொல்லிக்கொண்டே போனான்.

சின்ன வீடு. துடைத்து வைத்த மாதிரி இருந்தது. மோனி லட்டை வாங்கி வைத்துவிட்டு டிவி எதிரில் பாய் விரித்தாள். "மொதல்லேருந்து வேணாம்மா. நேத்து இவரு இருபது நிமிஷம் பாத்துட்டு சண்டக்கி வராரு."

"நான் சண்டக்கி வரல. அந்தப் பையன் ஒரு போன் பண்ணிக் கேட்டா என்னன்னு கேட்டேன், அவ்ளோதான்" என்றான் இம்மானுவேல்.

மண்டபக் காட்சிக்கு ஓட்டினான். கதாநாயகன் மைக்கில் பேசுகிறான். நிறுத்தாமல் பேசுகிறான். பிறகு கதாநாயகி எழுந்தாள். அது மார்ச் மாசம் எடுத்தது. அவள் எழுந்து நகர்ந்ததும் கேமராக்காரர் அவளைத் தவறவிட்டுவிட்டார், ஒரு விநாடி பின்னால் இருந்த என் முகம் பளிச்சென்று தெரிந்தது. நீலச் சட்டை முதுகைப் பார்த்து நான் ஏதோ கேட்கிறேன். தப்பான டேக்கைத்தான் படத்தில் வைத்திருக்கிறார்கள். யாரும் கவனிக்கவில்லை, கவனிக்கிற மாதிரிப் படமும் இல்லை.

உடனே அடுத்த ஷாட், தோழி கண் கலங்குகிறாள். பிப்ரவரி 18. அவள் தோளுக்குப் பின்னால் அவர். முழு முகம். என் பக்கம் திரும்பிச் சிரித்துக்கொண்டே ஏதோ சொல்லி இரண்டு தரம் தலையாட்டுகிறார்.

"நிறுத்து" என்றேன். இம்மானுவேல் பின்னால் ஓட்டிப் போட்டான். மறுபடியும் போட்டான். ஆறு மாசமாக நான் காத்திருந்த வாய் அது. மூன்றாவது தடவையில் எனக்குத் தெரிந்துவிட்டது. சொல்லாமல் உட்கார்ந்திருந்தேன்.

மோனிதான் சொன்னாள். சின்ன வயசில் ஷூட்டிங்குக்குத் தூக்கிக்கொண்டு போனபோது அவர் மடியில் உட்கார்ந்து கற்றுக்கொண்டவள்.

"பீக்கங்கா, பொடலங்கா."

"ஆமா."

"காய்தாம்மா சொல்றாரு."

"ஆமாண்டி. காய்தான்."

ஆறு மாசம். பிரிஞ்சிக்கு உப்பு கம்மி என்று எழுதிய மனிதர், கடைசி வரைக்கும் வேலையை ஒழுங்காகப் பார்த்திருக்கிறார். முழுசாகத் திரும்பியது நடிப்பு. முப்பது வருஷத்தில் அன்றுதான் நன்றாக நடித்தார், நான் பார்க்கவில்லை. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மோனியும் சிரித்தாள். மூக்கைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள்.

பிறகு, "ஏங்க, கொஞ்சம் முன்னாடி போடுங்க. அம்மா வர்ற எடம்" என்றாள்.

"அதுல ஒண்ணும் இல்ல, வுடு" என்றேன்.

அவள் டிவிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள். நான்கு தடவை பார்த்தாள்.

"நீ காய் சொல்லலையேம்மா. 'மோனி வூட்டுக்கு ஒரு தடவ போய்ட்டு வரலாம்யா, வா.' அப்டிதான சொல்ற?"

இம்மானுவேல் டீ போடுகிறேன் என்று எழுந்து போய்விட்டான். நல்ல பையன்.

படத்தில் நான் கேட்கிறேன், அவர் சிரித்துத் தலையாட்டுகிறார். எந்த அப்பாவும் அதைவிடச் சுலபமாகச் சம்மதித்ததில்லை. மோனியை அப்படியே நம்பும்படி விட்டுவிடலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தேன்.

"அவரு ஷாட்டு முன்னாடியே எடுத்தது மோனி. நான் கேட்டது அவரு போன அப்புறம்."

"தெரியும்மா. சட்டைக்குள்ள வேற ஆளு. அப்பா கழுத்து எனக்குத் தெரியாதா?" டிவியைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "அப்பா வரமாட்டாருன்னு அப்பவே தெரியும். அவருமேல எனக்குக் கோவம் கூட இல்ல. நீ ஏன் வரல?"

"அவருதான்..."

"அவரு உன்ன ரூமுல போட்டுப் பூட்டினாரா?"

இந்த நோட்டில் பிப்ரவரி மாசம் 'போகவிடவில்லை' என்று எழுதியிருக்கிறேன். இப்போது திருப்பிப் பார்த்தேன், அப்படித்தான் இருக்கிறது. அது பொய்.

"இல்ல. 'நான் வரல, நீ போறதுன்னா போ'ன்னாரு. பட்டுப் பொடவ கட்டிக்கினு பத்து மணி வரைக்கும் கட்டில்ல உக்காந்துருந்தேன். யாராவது வந்து கூட்டிட்டுப் போனா போலாம்னு. யாரும் வரல. அப்புறம் எல்லாப் பழியையும் அவரு தலமேல போட்டுட்டேன். அவரும் ஒண்ணும் சொல்லாம வாங்கிக்கினாரு."

மோனி எழுந்து போய் லட்டு டப்பாவைத் திறந்து ஒன்று எடுத்துக் கடித்தாள். "நெய்யி கம்மி" என்றாள். பிறகு இன்னொன்று எடுத்தாள்.

படம் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. கதாநாயகியின் அப்பா மனசு மாறிவிட்டார்.

ஆகஸ்ட் 18, திங்கள்

நேற்று ராத்திரி அங்கேயே தங்கிவிட்டேன். காலையில் இம்மானுவேல் வேலைக்குக் கிளம்பும்போது, "மோனி, அத்தைக்கு நம்ம வீடியோவக் காட்னியா?" என்று கேட்டான். அவள் முறைத்தாள். அவன் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு போய்விட்டான்.

பாத்திரம் கழுவி முடித்த பிறகு அவளே போனைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்துவிட்டு, துணி காயப்போட மாடிக்குப் போய்விட்டாள்.

அவள் கல்யாணம். பதிவு ஆபீஸில் யாரோ கூட வந்த பையன் எடுத்தது. மொத்தமே ஐம்பது விநாடி. கை ஆடுகிறது. மோனி மாம்பழக் கலர் புடவையில் கையெழுத்துப் போடுகிறாள். இம்மானுவேல் மாலை போடுகிறான், மாலை அவள் காது கம்மலில் மாட்டிக்கொள்கிறது, இரண்டு பேரும் சிரிக்கிறார்கள். அந்த ஆபீஸர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் அடுத்த பேப்பரை எடுக்கிறார்.

பழக்க தோஷம், நான் பின்னால்தான் பார்த்தேன். ஒரு பீரோ. சுவரில் கடிகாரம், பத்தே முக்கால். பத்தே முக்காலுக்கு நான் அந்தப் பட்டுப் புடவையை மடித்துக்கொண்டிருந்தேன்.

கடிகாரத்துக்குக் கீழே இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி. ஐம்பது விநாடியும் காலியாகவே இருக்கிறது.